கருத்துகள் இல்லாத பிரதி

எங்கள் ஆய்வுகூடம் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கீழ்த்தளத்தில் குளிரூட்டிய லொறிகள் வந்து நிற்கும், மேல்தளத்தில் நாங்கள். வெளிநாட்டுக்குப் போகிற இறால், கணவாய், நண்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எங்களிடம் வரும். அதில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதுதான் வேலை. ஒன்பது வருடமாக நான் அங்கே பின்னேர முறையில் இருக்கிறேன். ஒன்றரைக்குப் போனால் ஏழரைக்கு முடியும்.

காலை முறைக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். உத்தியோகத்தில் இருவரும் ஒரே தரம். ஆனாலும் நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். ஏழு மணிக்கு வந்து, வந்திருக்கும் மீனை அரைத்து, கரைத்து, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றிச் சூட்டுப் பெட்டிக்குள் வைப்பது அவர் வேலை. இரண்டு நாள் கழித்து அந்தத் தட்டுகளில் புள்ளி புள்ளியாக முளைத்திருப்பதை, தட்டின் பின்பக்கம் பேனையால் ஒவ்வொன்றாகக் குறித்து எண்ணுவது என் வேலை. நான் எண்ணியதை அடுத்த நாள் காலையில் அவர் சரிபார்ப்பார். ஒரே மேசை, ஒரே கதிரை, ஒரே கணினி. ஆனால் நாங்கள் முகம் பார்ப்பது ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளை வாசலில் நிற்கவிட அவருக்கு மனமில்லை. அதனால் நான் படியேறும்போது அவர் படியிறங்கிக்கொண்டிருப்பார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். ஓம் என்பேன். அவ்வளவுதான்.

முன்பு எல்லாவற்றையும் கொப்பியில்தான் எழுதினோம். பிறகு நிறுவனம் இலத்திரனியல் குறிப்பேடு என்று ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு பகுதி திறக்கவேண்டும். அந்த நாளின் அட்டவணை, படம், எண்ணிக்கை எல்லாம் அந்தப் பகுதிக்குள் போகும். திரையின் வலது பக்கத்தில் ஒடுக்கமான ஒரு இடம் இருந்தது. எந்த வரியைப் பற்றி யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ, அதை அந்த வரிக்கு நேரே கருத்தாக எழுதலாம். முதல் இரண்டு கிழமை அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

முதலில் எழுதியது அக்காதான். மீனுக்குப் போடுகிற ஐஸின் தண்ணீரைச் சோதித்த தட்டு ஒன்றுக்கு நான் 26 என்று போட்டிருந்தேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் அந்த வரிக்கு நேரே, ஆங்கில எழுத்தில் தமிழாக, “தட்டுக்குப் பின்னால உங்கட பேனைப் புள்ளி 62 இருக்கு, தங்கச்சி” என்று இருந்தது. எனக்குச் சுரீரென்றது. தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பி எண்ணினேன். அறுபத்திரண்டுதான். எண்ணியது சரி, எழுதும்போது இலக்கம் மாறியிருக்கிறது. “ஓம் அக்கா, 62. மன்னிக்கவேணும்” என்று கீழே எழுதினேன். அதற்கு அவர் எழுதியிருந்தார்: “மன்னிப்பெல்லாம் வேணாம். தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுங்க.”

அதற்குப் பிறகு அந்த இடம் வெறுமையாக இருந்ததில்லை. சூட்டுப் பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை, முழங்காலால் தள்ளுங்கள் என்று எழுதுவார். நான் தள்ளினேன், இப்போது முழங்கால் நோகிறது என்று எழுதுவேன். அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியில் வட்டிலப்பம் வைத்திருக்கிறேன், மீன் வைக்கிற பெட்டியில் இல்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்று பெருநாளைக்கு மறுநாள் எழுதியிருந்தார். கணினியில் தமிழ் எழுத்து இருக்கவில்லை. ஒரு நாள் காலையில் யாரிடமும் கேட்காமல் அக்காவே அதை இறக்கிப் போட்டுவிட்டு, தமிழில் ஒரே ஒரு சொல் எழுதி வைத்திருந்தார்: “வடிவா?” நல்ல அழகு என்று கீழே எழுதினேன்.

எழுதிக் கதைப்பது தனக்குப் பழக்கம் என்று ஒருமுறை சொன்னார். அவருடைய மகளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. கையாலும் கதைப்பார்கள், அவசரத்தில் துண்டுக் கடதாசியில் எழுதியும் கதைப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை. வாயால் சொல்லமுடியாததை எழுதலாம் என்பது அந்த மேசையில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருடங்களில் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும்தான் வீட்டில். முப்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டாரும் வந்து பார்த்துவிட்டுப் போக, அம்மா ஒரு கிழமைக்குச் சோறு இறங்காமல் இருப்பார். நான் அக்காவுக்கு எழுதுவேன். ஒருமுறை வந்த மாமி, மீன் சோதிக்கிற வேலை என்றால் கையில் மணம் நிற்குமா என்று கேட்டார். அதை எழுதினேன். அக்கா அதற்கு என்ன எழுதினார் என்பது இப்போது நினைவில்லை. படித்துவிட்டுக் கதிரையிலிருந்து விழப்போகிற மாதிரிச் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது. முகாமையாளர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு சாம்பல்தீவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நில அளவை வேலை செய்கிறவர். இரண்டு தரம் வந்தார், ஒரு தரம் தாயோடு, ஒரு தரம் தனியே. அவரோடு கதைக்கும்போது எனக்கு நேரம் போனது தெரியவில்லை. அக்காவுக்கு எல்லாம் எழுதினேன். என்ன சீலை உடுத்தேன், அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அடுத்த நாள் ஒரு கேள்வி வந்திருக்கும். அந்த மூன்று மாதமும் நான் பின்னேரம் வேலைக்குப் போனது மீன் எண்ணுவதற்கு அல்ல, அக்கா என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதற்கு.

ஒரு நாள் மத்தியானம் வேலைக்கு வெளிக்கிடும்போது தரகர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் வேறு இடத்தில் பார்த்துவிட்டார்களாம். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தட்டுகளை எண்ணினேன். பிழையில்லாமல் எண்ணினேன் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். ஏழு மணி தாண்டி, கணவாய் வரிக்கு நேரே எழுதினேன்: “அக்கா, சாம்பல்தீவு சரிவரேல்ல.” மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் நான் படியேறும்போது அக்கா இறங்கிக்கொண்டிருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. என் மணிக்கட்டை ஒருமுறை பிடித்துவிட்டு, “மேல போய்ப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். மேலே போய் அந்தப் பகுதியைத் திறந்தேன். மூன்று வரி எழுதியிருந்தார். படித்தேன். போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். பிறகு கீழே என் பதிலை எழுதினேன்.

அந்த மூன்று வரியும் எனக்கு இப்போது நினைவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்த நாளின் பகுதியை அதற்குப் பிறகு எத்தனையோ தரம் திறந்து படித்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று இருந்ததால் ஒரு தரம்கூட மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. மூன்று வரி என்பது தெரியும். நடுவில் எங்கேயோ “தங்கச்சி” என்று இருந்தது. கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

ஒரு வருடம் போனது. அக்காவின் மகளுக்குக் கொழும்புப் பக்கத்தில் காது கேட்காத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. வருடக்கணக்காக விண்ணப்பித்து, கிடைக்காது என்றே விட்டிருந்த இடம். இரண்டு கிழமைக்குள் வரச்சொன்னார்கள். கணவர் கிண்ணியாவில் கடையைப் பார்த்துக்கொள்ள, தாயும் மகளும் அங்கே ஒரு அறை எடுத்து இருப்பது என்று முடிவாயிற்று. கடைசி நாளன்று அக்கா பஸ்ஸை விட்டுவிட்டு எனக்காக நின்றார். இருவரும் மேசைக்குப் பக்கத்தில் நின்றோம். முகாமையாளர் கேக் வெட்டினார். நான் தட்டுகளை எண்ணப் போனேன், அவர் போய்விட்டார். அன்று எந்த வரிக்கும் கருத்து எழுதப்படவில்லை.

போன பிறகு முதலில் தொலைபேசியில் கதைத்தோம். அதுவும் படிக்கட்டில் கதைத்த மாதிரித்தான் இருந்தது. சுகமா, பிள்ளை படிக்கிறாளா, அங்கே மழையா. குறுஞ்செய்தி அனுப்பினால் அவருக்கு எழுத நேரமில்லை, குரலில் பதில் வரும். பின்னால் பஸ் சத்தம் கேட்கும். கணவாய் வரி இல்லை, இறால் வரி இல்லை, எதற்கு நேரே எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. ஆகவே பின்னேரங்களில் வேலை முடிந்ததும் பழைய பகுதிகளைத் திறந்து படித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அக்கா போய் ஒன்றரை வருடத்தில், நிறுவனம் வேறு ஒரு மென்பொருளுக்கு மாறுவது என்று தீர்மானித்தது. பழையதில் இருக்கிற பகுதிகளை எல்லாம் புதியதற்குக் கொண்டுபோகும் வேலையை முகாமையாளர் என்னிடம் தந்தார். ஒரு மாத அவகாசம். நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். வேறு ஆள் அதைச் செய்வதை நான் விரும்பவில்லை.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஒரு பகுதியை அப்படியே பிரதி செய்து வேறொரு குறிப்பேட்டில் போடுவது. முதல் நாள் இருபது பகுதி பிரதி செய்தேன். பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொன்றின் தலையிலும் என் பெயரும் நான் பிரதி எடுத்த நாளின் திகதியும் நின்றன. பிரதி எடுத்தவர் யாரோ அவரே எழுதியவர் என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அக்கா விடிய எழும்பிக் கிண்ணியாப் பாலம் கடந்து வந்து செய்த வேலை எல்லாம் நான் செய்ததாகிவிட்டது. வலது பக்கம் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. அட்டவணை வந்தது, படம் வந்தது, கருத்துகள் வரவில்லை.

முகாமையாளரிடம் போய், இது சரியில்லை, வேலை செய்தவரின் பெயர் நிற்கவேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர். யோசித்துவிட்டு, அப்படியானால் மற்ற வழியில் எடுங்கள் என்றார். மற்ற வழி எக்ஸ்போர்ட். பகுதியைத் திருத்தமுடியாத ஒரு கோப்பாக வெளியே எடுப்பது. பெயர், திகதி, கையொப்பம் எல்லாம் இருந்தபடி இருக்கும். அந்த மாதம் முழுக்க அவர் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் கேட்டது இதைத்தான். ஒரு நாள் படியில் நின்று, எல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணியாயிற்றா என்று சத்தமாகக் கேட்க, கீழே நின்ற லொறிச் சாரதி, இல்லை சேர், இன்னும் ஏற்றவேயில்லை என்று மறுமொழி சொன்னார்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எதை எதைச் சேர்ப்பது என்று கேட்கும். படங்கள், கையொப்பங்கள், மாற்றங்களின் வரலாறு, கருத்துகள். வேண்டியதற்குச் சரி போடவேண்டும். ஒன்றைக் கருத்துகளோடு எடுத்துப் பார்த்தேன். தமிழ் எழுத்துகள் எல்லாம் வெறும் சதுரங்களாக வந்திருந்தன. வரிசை வரிசையாகச் சதுரம். அதோடு இன்னொரு யோசனையும் வந்தது. இந்தக் கோப்புகள் போகப்போவது எல்லோரும் திறக்கிற பொது இடத்துக்கு. முகாமையாளர் பார்ப்பார், மீன் வாங்குகிற கம்பனிகளிலிருந்து பரிசோதனைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். என் கலியாணப் பேச்சும் அக்காவின் வீட்டுக் கதையும் அங்கே எதற்கு?

ஆகவே நானேதான் அந்தச் சரியை எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் கருத்துகள் இல்லாமல் வெளியே எடுப்பது. அது முடிந்ததும், மிச்சமிருக்கும் நாட்களில் கருத்துகளை எனக்கென்று கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைப்பது. இதுதான் திட்டம்.

அலுவலக வேலையை இரண்டே கிழமையில் முடித்துவிட்டேன். முகாமையாளரிடம், முடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் மிகவும் பாராட்டினார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அரை மணி நேரம் இருந்து, முதல் நாளிலிருந்து ஒழுங்காகப் படம் பிடிக்கத் தொடங்கினேன். 62 வந்தது, தேத்தண்ணி வந்தது, “வடிவா?” வந்தது. முதல் இரண்டு மாதத்தை முடிக்க நான்கு நாள் எடுத்தது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் படித்துப் படித்துத்தான் பிடித்தேன். ஏன் நேரே சாம்பல்தீவு நாளுக்குப் போகவில்லை என்று பிறகு என்னையே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். திகதி ஒழுங்கில் போவது ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கைப்பழக்கம். அதோடு, அந்த நாளுக்கு மெல்ல மெல்லப் போய்ச் சேரவேண்டும் என்றும் ஒரு ஆசை இருந்தது.

ஐந்தாம் நாள் போய்க் கணினியைத் திறந்தால், இந்தக் கணக்கு மூடப்பட்டுவிட்டது என்று வந்தது. முகாமையாளரிடம் ஓடினேன்.

“நீங்கதானே முடிச்சிட்டன் எண்டு சொன்னீங்க? இனித் தேவையில்லை எண்டு அந்தப் பழைய மென்பொருள்காரருக்கு எழுதிப்போட்டன்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், என்ன விடுபட்டுப் போச்சு?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை சேர். ஒருக்காத் திறந்து பாக்க ஏலாதோ?”

எனக்கு முன்னாலேயே இருந்து அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். மறுநாள் பதில் வந்தது. மூடச்சொல்லிக் கேட்டால் உடனே எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் ஒப்பந்தமாம். என்ன தேவை என்று சொன்னால் வேறு வழியில் உதவமுடியுமா என்று பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். என்ன தேவை என்று நான் எப்படி ஆங்கிலத்தில் எழுதுவேன்? தமிழில்தான் எப்படி எழுதுவேன்? வேண்டாம் சேர், எல்லாக் கோப்பும் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது உண்மையும்கூட. எல்லா இறாலும் எல்லாக் கணவாயும் அந்தக் கோப்புகளில் பத்திரமாக இருந்தன.

மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். நான்காம் நாள் காலையில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே விளங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கேட்டேன்.

“அக்கா, சாம்பல்தீவு சரிவரேல்ல எண்டு நான் எழுதினதுக்கு நீங்க என்ன எழுதினீங்க?”

“மறந்து போச்சே, தங்கச்சி” என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் என்னுடையதைவிடக் கவலையாக இருந்தது.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. யாராவது கருத்து எழுதினால் மற்றவருக்கு அது மின்னஞ்சலாகவும் போகும். அவர் தன் சொந்த மின்னஞ்சலைத்தான் அதற்குக் கொடுத்திருந்தார். வருகிற எதையும் அழிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. தேடிப் பார்த்து அனுப்புகிறேன் என்றார். நான் அன்று முழுக்கக் கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பின்னேரம் வரத் தொடங்கியது. மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரங்களில் உட்கார்ந்து, மூன்று நாளாக ஒவ்வொன்றாக அனுப்பினார். நூற்றுக்கணக்கில் வந்தன. திறந்து பார்த்தேன். எல்லாம் நான் எழுதியவை.

அவருக்கு வந்தது என் கருத்துகள் மட்டும்தானே. அவர் எழுதியவை எனக்குத்தான் வந்திருக்கவேண்டும். ஆனால் தட்டு எண்ணும்போது தொலைபேசி அதிருகிறது என்று தொடக்கத்திலேயே அந்த மின்னஞ்சல்களை நான் நிறுத்திவிட்டேன்.

என் பாதி என்னிடம் திரும்பி வந்துவிட்டது. நான் படம் பிடித்த முதல் இரண்டு மாதத்தைத் தவிர, அக்காவின் பாதிதான் இல்லை. இருந்தும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தொலைக்காட்சி பார்க்க, நான் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். “இல்லை அக்கா, பச்சைமிளகாய்தான் போட்டது.” “மஞ்சள் சீலைதான் உடுத்தனான்.” “அவருக்கு மீசை இருக்கு.” “ஏலாது அக்கா, சிரிப்பு வருது.” என் பதிலைப் பார்த்து அவர் என்ன கேட்டிருப்பார் என்று ஒருவாறு கண்டுபிடிக்கலாம். அந்த நாளுக்கு வந்தேன். “அக்கா, சாம்பல்தீவு சரிவரேல்ல.” அதற்கு அடுத்தது, மறுநாள் மத்தியானம் நான் எழுதியது: “ஓம் அக்கா. அப்பிடியே செய்யிறன்.”

என்னத்தைச் செய்கிறேன் என்று சொன்னேன்?

அன்று நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாத் தட்டையும் எண்ணினேன். வேலை முடிந்து முச்சக்கரவண்டி பிடிக்காமல் நடந்து போனேன். வழியில் ஒரு கடையில் தனியே இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டேன். அதுவரை கடையில் தனியே இருந்து சாப்பிட்டதில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், ஆறு மாதத்துக்கு ஒருவரையும் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டாம் என்று சொன்னேன். பிறகு தலை முழுகினேன். இதில் ஏதோ ஒன்று அக்கா சொன்னது. எது என்று தெரியவில்லை.

பள்ளிக்கூட விடுமுறைக்கு அக்காவும் மகளும் கிண்ணியாவுக்கு வந்தார்கள். அந்த மின்னஞ்சல்களை எல்லாம் அச்செடுத்துக்கொண்டு, காலை பஸ்ஸில் போனேன். அத்தனை வருடத்தில் அவருடைய வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தரம். முதல் கால் மணி நேரம் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. முன்னறையில் கதிரையில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டேன். படத்தில் பார்த்ததைவிட மகள் நன்றாக வளர்ந்திருந்தாள். என் கையில் இருந்த கடதாசிக் கட்டைக் காட்டி என்ன என்று கையால் கேட்டாள். தாய் கையால் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள்.

பிறகு குசினிக்குப் போனோம். அக்கா நிலத்தில் பாய் போட்டு, பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் என் வரியை வாசிப்பேன், அவர் தான் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பக்கத்தில் எழுதுவார். மீசை வரிக்கு, “அவருக்கு மீசை இருக்கா, இல்லாட்டி முகம் மட்டும்தானா” என்று எழுதினார். அது சரியாக அதுவேதான், எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. இப்படி இருபது முப்பது வரி தேறியது. மகள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நாங்கள் சிரிக்கும்போது தானும் சிரித்தாள்.

பிறகு அந்தச் சாம்பல்தீவுத் தாள் வந்தது. அக்கா அதை என் கையிலிருந்து வாங்கித் தானே வாசித்தார். பேனையை மூடினார்.

“லீவு போடச் சொல்லியிருப்பனோ?”

“நான் லீவு போடேல்ல அக்கா.”

“அழச் சொல்லியிருப்பனோ?”

“அதுக்கு நான் அப்பிடியே செய்யிறன் எண்டு எழுதியிருக்கமாட்டன்.”

தாளை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, “இப்ப வந்து அதையே என்னட்டச் சொன்னீங்க எண்டா நான் என்ன சொல்லுவன் எண்டு சொல்லவா?” என்று கேட்டார்.

சொல்லுங்கோ என்றேன்.

“அவர் உங்களுக்குப் பொருத்தமில்லை, போனாப் போகட்டும் எண்டு நான் சொல்லமாட்டன். பொருத்தமாத்தான் இருந்திருப்பார். அதுதான் கஷ்டம். கொஞ்ச நாளைக்கு அந்தக் கஷ்டத்தைப் படுங்க. சாப்பாட்டை மட்டும் விடாதீங்க.”

நான் தலையாட்டினேன். அது நல்ல வார்த்தை. அம்மாகூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அது இல்லை. அதில் கேள்விக்குறி இல்லை. அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு, சோற்றைப் பார்க்க எழுந்தார்.

மத்தியானம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட வந்தார். இப்போது காலையில் யார் என்று கேட்டார். நிரந்தரமாக ஒருவரும் இல்லை, மாறி மாறி வருகிறார்கள் என்றேன்.

“நான் இனி அங்க வரமாட்டன், தங்கச்சி. பிள்ளை படிச்சு முடிக்க இன்னும் நாலு வருசம். அதுக்குப் பிறகும் அவவுக்கு வேலை கிடைக்கிறதெண்டா அந்தப் பக்கம்தான்.”

“தெரியும் அக்கா” என்றேன்.

தெரியாது. பஸ் பாலத்தில் ஏறின பிறகுதான் அது எனக்கு விளங்கியது. எங்கள் மேசையில் இடது பக்க லாச்சி அக்காவுடையது. போகும்போது, அவசரத்தில் சாமான் எடுக்க நேரமில்லை, பிறகு வந்து எடுக்கிறேன் என்று சொல்லித் திறப்பை என்னிடம் தந்திருந்தார். காலையில் வருகிறவர்களுக்கு அந்த லாச்சி வேண்டும் என்று முகாமையாளர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். திறப்பைத் தேடுகிறேன் என்று இரண்டு தரமும் பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று நான் என்னை விசாரித்ததில்லை.

அன்று பின்னேரம் அதைத் திறந்தேன். முதலில் தேடியது எழுத்தைத்தான். ஒரு துண்டுக் கடதாசி, ஒரு சிட்டை, எதுவானாலும் போதும் என்றிருந்தது. தட்டில் புள்ளி போடுகிற பேனைகள் நான்கு இருந்தன, ஒரு கைக்குட்டை இருந்தது, தலையில் போடும் சீலைக்குக் குத்துகிற ஊசிகள் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தன. எழுத்து ஒன்றும் இல்லை. லாச்சியைத் துடைத்து, திறப்பை முகாமையாளரிடம் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து அக்கா திரும்பிப் போனதும், ஊசிப் பெட்டியைக் கடித உறைக்குள் போட்டு, கொழும்பு விலாசம் எழுதினேன். உள்ளே ஒரு கடதாசியும் வைத்தேன். அதில் நான் எழுதியது இவ்வளவுதான்: “கிடைச்சதும் ஒரு வரி போடுங்கோ அக்கா. தொலைபேசியில் வேண்டாம், கையால் எழுதுங்கோ.”

இங்கிருந்து கடிதம் போய்ச்சேர மூன்று நான்கு நாள் எடுக்கும், பதில் வர இன்னும் மூன்று நான்கு நாள். நான் தபாலில் போட்டு இன்றைக்குப் பதினொரு நாள். பிள்ளைக்குப் பரீட்சை நடக்கிறது என்று குரல் அனுப்பியிருந்தார். அது முடிந்ததும் எழுதுவோம் என்று வைத்திருப்பார்.